கிட்டுக்கு டேப் கம்ப்ளீஷன்: மூன்று மாலை எங்கே போனது

கிட்டில் (நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) தினமும் வேலை செய்பவருக்கு, பாதி அடித்த சொல்லின் மீதியை நிரப்பித்தரும் டேப் சாவி ஆடம்பரம் இல்லை. ஃபீச்சர்/பில்லிங்-ரவுண்டிங்-ஃபிக்ஸ்-2 என்று ஒரு பிராஞ்ச் (தனியாக ஓடும் வேலைக்கிளை) இருந்தால் அதை ஒவ்வொரு தடவையும் முழுதாக அடிக்க முடியாது. அடித்தால் எங்கோ ஓர் எழுத்து தவறும், அப்படி ஒன்றைத் தெரியாது என்று கிட் திருப்பி அனுப்பும். புது லினக்ஸ் சர்வர் ஒன்றிலும் ஒரு மேக்கிலும் இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாலை முழுசாகப் போனது. விஷயம் தெரிந்தபின் அதே வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது. இடையில் யாராவது ஒருவர் "எந்தக் கோப்பை யார், எப்போது ஏற்றுகிறார்கள் என்று முதலில் பார்" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். அடிக்கோடு, சிறுகோடு, புள்ளி எல்லாம் அப்படியே, எழுத்துகள் மட்டும் ஆங்கிலத்தில் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

முதல் மாலை சர்வரில் போனது. பிராஞ்ச் மாறுவதற்கான கிட் செக்அவுட் என்ற கட்டளையை அடித்து, பிராஞ்ச் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் போட்டு டேப் அடித்தால் ஒன்றும் வரவில்லை. வெறுமனே டேப் அடித்தால் அந்த டைரக்டரியில் இருக்கும் கோப்புகளின் பெயர்தான் வந்தது. இது ஒரு நல்ல அடையாளம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்புப் பெயர் வருகிறது என்றால் ஷெல்லின் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், லினக்ஸில் பெரும்பாலும் பாஷ்) டேப் இயந்திரம் வேலை செய்கிறது, கிட்டைப் பற்றி அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். கிட்டுக்கு என்று சொல்லித்தரும் கோப்பின் பெயர் கிட்-கம்ப்ளீஷன்.பாஷ். ஷான் பியர்ஸ் 2006-இல் எழுதத் தொடங்கியது. கிட்டின் மூலக் கோப்புகளுக்குள் கான்ட்ரிப்/கம்ப்ளீஷன் என்ற டைரக்டரியில் இன்றும் இருக்கிறது, இப்போது மூவாயிரம் வரியைத் தாண்டிவிட்டது.

அந்தக் கோப்பை இறக்கி, ஹோம் டைரக்டரியில் வைத்து, பாஷ் திறக்கும்போது படிக்கும் .பாஷ்ஆர்சி-யில் அதை ஏற்றும் சோர்ஸ் கட்டளையைப் போட்டேன். புது டெர்மினல் திறந்ததும் "சின்டாக்ஸ் எரர் நியர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் நியூலைன்" என்று வந்தது. பாஷ் பழசா, கோப்பு கெட்டதா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினேன். உண்மையில் நான் இறக்கியது ஸ்கிரிப்டை அல்ல, ஸ்கிரிப்டைக் காட்டும் வலைப்பக்கத்தை. கோப்பின் முதல் வரியில் டாக்டைப் எச்டிஎம்எல் என்று இருந்தது. ஹெட் -3 என்று போட்டுப் பார்த்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும். சரியான கோப்பு என்றால் முதல் வரியிலேயே கோர் கிட்டுக்கான பாஷ், இசட்ஷெல் கம்ப்ளீஷன் என்று ஒரு குறிப்பு இருக்கும். "ரா" என்ற இணைப்பில் இருந்துதான் எடுக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் திறந்து சேமித்துவிட்டு சர்வருக்கு அனுப்பினால் இன்னொரு தொல்லை உண்டு: வரி முடிவில் ஒட்டிக்கொண்ட கேரேஜ் ரிட்டர்ன் எழுத்தால் வெற்று வரிகளுக்கெல்லாம் "\ஆர்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று கத்தும். டாஸ்2யூனிக்ஸ் ஒரு தடவை ஓட்டினால் தீரும்.

சரியான கோப்பு கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. இப்போது டேப் அடித்தால் "அன்நோன் ஆப்ஷன்: --லிஸ்ட்-சிஎம்டிஸ்" என்று ஆரம்பித்து கிட்டின் பயன்பாட்டுக் குறிப்பு முழுவதும் திரையில் கொட்டியது. இங்கேதான் மிகவும் சோர்ந்துபோனேன், ஏனென்றால் எல்லாம் சரியாகச் செய்தது போலவே தோன்றியது. காரணம் பதிப்பு வேறுபாடு. பழைய நாட்களில் துணைக்கட்டளைகளின் பெயரும் ஆப்ஷன்களும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. கிட் 2.17-இல் இருந்து ஸ்கிரிப்ட் ஆப்ஷன்களை கிட்டிடமே --கிட்-கம்ப்ளீஷன்-ஹெல்பர் என்று கேட்டு வாங்குகிறது, 2.18-இல் இருந்து கட்டளைப் பட்டியலை --லிஸ்ட்-சிஎம்டிஸ் என்று கேட்கிறது. இரண்டும் 2018-இல் வந்தவை. சென்ட்ஓஎஸ் 7-இல் இருக்கும் கிட் 1.8.3-க்கு இந்தக் கேள்விகளே புரியாது. மாஸ்டர் என்ற முதன்மைப் பிராஞ்சில் இருந்து புது ஸ்கிரிப்டை எடுத்துப் பழைய கிட்டின்மேல் போட்டால் இதுதான் நடக்கும். கிட் --வெர்ஷன் என்ன காட்டுகிறதோ அதே எண்ணுள்ள டேகில் (ஒரு பதிப்புக்கு இட்ட பெயர்ச்சீட்டு) இருந்து ஸ்கிரிப்டை எடுங்கள். வி2.34.1 என்றால் வி2.34.1 தான், பக்கத்து எண் அல்ல.

இப்படித் தடுமாறும்போது .பாஷ்ஆர்சி-யைத் திருத்தித் திருத்திச் சோதிப்பது மிக மெதுவான வழி, அதில் ஏற்கெனவே இருக்கும் பத்து விஷயங்கள் குறுக்கே வரும். பாஷ் --நோஆர்சி --நோப்ரொஃபைல் என்று சுத்தமான ஒரு ஷெல்லைத் திறந்து, அதில் கையால் சோர்ஸ் செய்து, கம்ப்ளீட் -பி கிட் என்று கேளுங்கள். __கிட்_ரேப்__கிட்_மெயின் என்ற ஃபங்ஷனின் பெயரோடு ஒரு வரி வந்தால் ஸ்கிரிப்ட் நல்லது, குறை தொடக்கக் கோப்புகளில்தான். "நோ கம்ப்ளீஷன் ஸ்பெசிஃபிகேஷன்" என்று வந்தால் ஸ்கிரிப்டே ஏறவில்லை.

அன்று என் ஸ்கிரிப்ட் நல்லதாகவே இருந்தது, ஆனால் தொலைவில் இருந்து எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்தால் மட்டும் டேப் வேலை செய்யவில்லை. எஸ்எஸ்எச் திறப்பது லாகின் ஷெல். அது .பாஷ்_ப்ரொஃபைல், இல்லையென்றால் .பாஷ்_லாகின், அதுவும் இல்லையென்றால் .ப்ரொஃபைல் என்று ஒன்றே ஒன்றைத்தான் படிக்கும்; .பாஷ்ஆர்சி-யைத் தானாகப் படிக்காது. உபுண்டுவின் .ப்ரொஃபைல் உள்ளிருந்து .பாஷ்ஆர்சி-யை அழைக்கிறது, ஆகவே சாதாரணமாகத் தெரியாது. ஏதோ ஒரு கருவியின் இன்ஸ்டாலர் புதிதாக .பாஷ்_ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிவிட்டால் அன்றைக்கே .ப்ரொஃபைல் கண்டுகொள்ளப்படாமல் போகும், கூடவே .பாஷ்ஆர்சி-யும் போகும். .பாஷ்_ப்ரொஃபைல்-இன் கடைசியில் .பாஷ்ஆர்சி-யை அழைக்கும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இதெல்லாம் கையால் கோப்பு வைக்கும் வழி. ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாத பொதுச் சர்வரில் இதுதான் ஒரே வழி, நல்ல வழியும்கூட. கிட்டின் ஸ்கிரிப்டுக்கு வேறு எந்தப் பேக்கேஜும் துணை வேண்டியதில்லை. ரூட் அனுமதி இருந்தால் இவ்வளவு சிரமம் தேவையே இல்லை. டெபியன், உபுண்டு இரண்டிலும் கிட் பேக்கேஜே ஸ்கிரிப்டை /யூஎஸ்ஆர்/ஷேர்/பாஷ்-கம்ப்ளீஷன்/கம்ப்ளீஷன்ஸ்/கிட் என்ற இடத்தில் வைத்துவிடுகிறது. அதை எடுத்து ஏற்றுவது பாஷ்-கம்ப்ளீஷன் என்ற தனிப் பேக்கேஜ். கன்டெய்னர் இமேஜ்களிலும் குறைந்தபட்ச சர்வர் நிறுவல்களிலும் கிட் இருக்கும், இந்தப் பேக்கேஜ் இருக்காது. ஏப்ட் இன்ஸ்டால் பாஷ்-கம்ப்ளீஷன் என்று போட்டுவிட்டுப் புது ஷெல் திறந்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை முடிந்துவிடும். ரூட் பயனராக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: உபுண்டுவில் ரூட்டின் .பாஷ்ஆர்சி-யில் இதற்கான வரிகள் கமென்ட் போட்டு அணைக்கப்பட்டிருக்கும், முன்னால் இருக்கும் ஹேஷை எடுக்க வேண்டும்.

இரண்டாவது மாலையை விழுங்கியது ஒற்றை எழுத்து. கிட் என்று முழுதாக அடிக்க வேண்டாம் என்று ஏலியாஸ் ஜி=கிட் என்று ஒரு சுருக்கப்பெயர் போட்டிருந்தேன். கிட் என்று அடித்தால் டேப் வந்தது, ஜி என்று அடித்தால் வரவில்லை. பாஷ் கம்ப்ளீஷனைப் பெயரைப் பார்த்துத்தான் தேடும், ஏலியாஸைப் பொதுவாக விரித்துப் பார்க்காது. இதற்கென்று கிட்டின் ஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷன் உண்டு: .பாஷ்ஆர்சி-யில் __கிட்_கம்ப்ளீட் ஜி __கிட்_மெயின் என்று ஒரு வரி. ஜிசிஓ என்பது கிட் செக்அவுட்டுக்கான ஏலியாஸ் என்றால் __கிட்_கம்ப்ளீட் ஜிசிஓ _கிட்_செக்அவுட். அடிக்கோடுகளை எண்ணிக்கொள்ளுங்கள், மெயினுக்கு முன்னால் இரண்டு, செக்அவுட்டுக்கு முன்னால் ஒன்று. 2.31-இல் இருந்து அடிக்கோடு இல்லாமல் கிட், கிட்_செக்அவுட் என்று எழுதினாலும் ஏற்கும். பழைய முறை எல்லாப் பதிப்பிலும் ஓடும் என்பதால் நான் அதையே வைத்திருக்கிறேன்.

பாஷ்-கம்ப்ளீஷன் பேக்கேஜ் வழியாக ஸ்கிரிப்ட் ஏறும் ஷெல்லில் அந்த வரியைச் சேர்த்ததும் டெர்மினல் திறக்கும்போதே "__கிட்_கம்ப்ளீட்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வந்தது. விசித்திரம் என்னவென்றால், கிட் என்று அடித்து ஒரு தடவை டேப் தட்டிவிட்டு .பாஷ்ஆர்சி-யை மறுபடி சோர்ஸ் செய்தால் எல்லாம் சரியாக ஓடியது. அடுத்த டெர்மினலில் மறுபடி அதே பிழை. இதன் காரணம் புரிந்த கணத்தில்தான் முழு அமைப்பும் எனக்கு விளங்கியது. பாஷ்-கம்ப்ளீஷன் பேக்கேஜ் நூற்றுக்கணக்கான கருவிகளுக்கான ஸ்கிரிப்டுகளை வைத்திருக்கிறது. அத்தனையையும் ஷெல் திறக்கும்போதே ஏற்றினால் திறப்பதற்கே நேரமாகும். அதனால் கம்ப்ளீட் -டி என்ற வசதியில் ஒரு பொதுக் காவலாளியை மட்டும் நிறுத்துகிறது. ஒரு கட்டளைக்கு முதல்முறை டேப் அடிக்கும்போது காவலாளி அதே பெயருள்ள கோப்பைத் தேடி ஏற்றி, 124 என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. 124 வந்தால் பாஷ் அந்த டேப்பை மறுபடி முதலில் இருந்து செய்யும். நமக்கு ஒரே டேப்பில் பதில் வந்தது போலத் தெரியும். ஆக, .பாஷ்ஆர்சி ஓடும் நேரத்தில் கிட்டின் ஸ்கிரிப்ட் இன்னும் ஏறியிருக்காது, __கிட்_கம்ப்ளீட் என்ற ஃபங்ஷன் பிறந்தே இருக்காது. தீர்வு ஒரே வரி: ஏலியாஸ் வரிகளுக்கு மேலே அந்த கம்ப்ளீஷன்ஸ்/கிட் கோப்பை முழுப் பாதையோடு சோர்ஸ் செய்துவிடுங்கள். ஷெல் திறப்பது கொஞ்சம் தாமதமாகும், கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

கிட்டின் அமைப்புக் கோப்பான .கிட்கான்ஃபிக்கில் எழுதும் ஏலியாஸ்களுக்கு இந்தப் பாடு இல்லை. சிஓ = செக்அவுட் என்று அங்கே எழுதினால் கிட் சிஓ-வுக்கு டேப் தானாகவே வரும், ஸ்கிரிப்ட் அந்த ஏலியாஸைப் பார்த்துக்கொள்கிறது. ஆச்சரியக்குறியில் தொடங்கி எஃப் என்று ஒரு ஷெல் ஃபங்ஷனை எழுதி ஓட்டும் நீளமான ஏலியாஸ்களில்தான் எந்தக் கட்டளையைப் போல நடந்துகொள்வது என்று அதற்குத் தெரியாது. ஃபங்ஷனின் முதல் கட்டளையாக, ஒரு முக்காற்புள்ளி, இடைவெளி, கிட் செக்அவுட், இடைவெளி, அரைப்புள்ளி என்று எழுதுங்கள். முக்காற்புள்ளி என்பது ஷெல்லில் ஒன்றும் செய்யாத கட்டளை. ஓடும்போது பாதிப்பு இல்லை, கம்ப்ளீஷன் ஸ்கிரிப்ட் மட்டும் அதைப் படித்துப் பிராஞ்ச் பெயர்களைக் கொடுக்கும். பழைய பதிப்புகளில் அரைப்புள்ளிக்கு முன்னால் அந்த இடைவெளி கட்டாயம்.

மேக்குக்கு வருவோம். 2019-இல் வந்த கேடலினா முதல் மேக்கில் இயல்பான ஷெல் இசட்ஷெல். அதில் பாஷ் ஸ்கிரிப்டை நேரடியாகச் சோர்ஸ் செய்தால், புதிய பதிப்புகள் "இந்த ஸ்கிரிப்ட் வழக்கொழிந்தது, கிட்-கம்ப்ளீஷன்.இசட்எஸ்எச்-ஐப் பாருங்கள்" என்று சொல்லி நின்றுவிடும். அநேகம் பேருக்கு எதையும் இறக்கவே தேவையில்லை. இசட்ஷெல்லுக்குள்ளேயே _கிட் என்ற கம்ப்ளீஷன் இருக்கிறது; .இசட்எஸ்எச்ஆர்சி-யில் ஆட்டோலோட் -யூஇசட் காம்ப்இனிட் என்று ஒரு வரி, அடுத்து காம்ப்இனிட் என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஏலியாஸையும் அது தானாக விரித்துப் பார்க்கும். கம்ப்ளீட்_ஏலியாசஸ் என்ற ஆப்ஷனை எங்காவது இயக்கியிருந்தால் மட்டும் பார்க்காது, அதை எடுத்துவிடுங்கள்.

கிட்டோடு வரும் இசட்ஷெல் வடிவம்தான் வேண்டும் என்றால் (பெரிய ரெப்போக்களில், அதாவது கிட் காக்கும் கோப்புத் தொகுதிகளில், எனக்கு அது வேகமாக இருந்தது) கிட்-கம்ப்ளீஷன்.இசட்எஸ்எச் கோப்பை _கிட் என்று பெயர் மாற்றி ஒரு டைரக்டரியில் வையுங்கள், பாஷ் ஸ்கிரிப்டையும் அதன் பக்கத்தில் வையுங்கள். இசட்ஸ்டைல் என்ற அமைப்பு வரியில் அந்தப் பாஷ் ஸ்கிரிப்டின் பாதையைச் சொல்லி, டைரக்டரியை எஃப்பாத்தின் (இசட்ஷெல் இப்படிப்பட்ட கோப்புகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) முன்னால் சேர்க்க வேண்டும். இதெல்லாம் காம்ப்இனிட்டுக்கு மேலே இருக்க வேண்டும். நான் கீழே எழுதியிருந்தேன், ஒரு மணி நேரம் போனது. மேலே மாற்றிய பிறகும் பழைய நடத்தையே தொடர்ந்தது, ஏனென்றால் காம்ப்இனிட் தான் கண்டுபிடித்ததை ஹோம் டைரக்டரியில் .இசட்காம்ப்டம்ப் என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதை அழித்துவிட்டு எக்ஸெக் இசட்எஸ்எச் என்று ஷெல்லைப் புதுப்பித்ததும் சரியானது. "இன்செக்யூர் டைரக்டரீஸ்" என்று எச்சரிக்கை வந்தால் ஒய் தட்டிக் கடந்துபோகாதீர்கள். கம்ப்ளீஷன் கோப்பு என்பது உங்கள் ஷெல்லுக்குள் உங்கள் அனுமதியோடு ஓடும் நிரல். வேறொருவர் எழுதக்கூடிய டைரக்டரியில் அது இருப்பது நிஜமான ஆபத்து. காம்ப்ஆடிட் என்று போட்டால் எந்த டைரக்டரி என்று காட்டும், சிஹெச்மாட் ஜி-டபிள்யூ,ஓ-டபிள்யூ போட்டு மூடிவிடுங்கள்.

மேக்கிலேயே பாஷ்தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஆப்பிள் தருவது பாஷ் 3.2. கிட்டின் ஸ்கிரிப்ட் அதில் ஓடும். பாஷ்-கம்ப்ளீஷன் பேக்கேஜின் இரண்டாம் பதிப்பு வரிசை ஓடாது, அந்தக் காவலாளிக்கு வேண்டிய கம்ப்ளீட் -டி 3.2-இல் கிடையாது. ஹோம்ப்ரூவில் (மேக்கில் நிரல்களை நிறுவும் கருவி) புதுப் பாஷைப் போடுங்கள், அல்லது கிட்டின் கோப்பை மட்டும் நேராகச் சோர்ஸ் செய்யுங்கள்.

மூன்றாவது மாலைதான் கடினமானது, பலன் தந்ததும் அதுதான். கிட்-ரிலீஸ் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்டை எழுதிப் பாத்தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளில்) வைத்தால் கிட் ரிலீஸ் என்று அழைக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு டேப் கொடுப்பது எப்படி? _கிட்_ரிலீஸ் என்ற பெயரில் ஒரு பாஷ் ஃபங்ஷன் இருந்தால் கிட்டின் ஸ்கிரிப்ட் அதையே கூப்பிடும். கட்டளைப் பெயரில் சிறுகோடு இருந்தால் ஃபங்ஷன் பெயரில் அது அடிக்கோடாக மாறும். கிட் ரிலீஸ்-நோட்ஸ் என்றால் _கிட்_ரிலீஸ்_நோட்ஸ்.

பாஷ் கையேட்டைப் படித்துவிட்டு நான் முதலில் எழுதியது காம்ப்_வேர்ட்ஸ், காம்ப்ரிப்ளை, காம்ப்ஜென் -டபிள்யூ ஆகிய பாஷின் சொந்த வசதிகளைக் கொண்டு. இரண்டு குறை வந்தது. டேப் அடித்துச் சொல் முழுமையானதும் பின்னால் இடைவெளி விழவில்லை. --ட்ரை-ரன் என்று முடிந்து அதோடு அடுத்த சொல் ஒட்டிக்கொண்டது. கிட்டின் கம்ப்ளீஷன் -ஓ நோஸ்பேஸ் என்று பதிவாகியிருப்பதுதான் காரணம். இடைவெளி போடும் பொறுப்பைப் பாஷிடம் இருந்து ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டுவிட்டது, அதன் ஃபங்ஷன்கள்தான் தேவையான இடத்தில் இடைவெளி சேர்க்கின்றன. இரண்டாவது குறை, --என்வி=ஸ்டே என்று அடித்து டேப் தட்டினால் மதிப்பு வரவில்லை. சமக்குறியிலும் முக்காற்புள்ளியிலும் பாஷ் சொல்லை உடைத்துவிடுகிறது, நான் காம்ப்_வேர்ட்ஸில் பார்த்தது மூன்று துண்டுகள்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, கிட்டின் ஸ்கிரிப்ட் தரும் கருவிகளையே பயன்படுத்துவது. உங்கள் ஃபங்ஷன் கூப்பிடப்படும்போது கர் என்ற மாறியில் இப்போது அடித்துக்கொண்டிருக்கும் சொல் தயாராக இருக்கும், ப்ரெவ்-இல் முந்தைய சொல். ஃபங்ஷனுக்குள் கர்-ஐ வைத்து ஒரு கேஸ் எழுதினேன். முதல் கிளை --என்வி=* என்று தொடங்கினால்: __கிட்காம்ப் "ஸ்டேஜிங் ப்ரொடக்ஷன்", அடுத்து வெற்று மேற்கோள், அடுத்து கர்-இல் இருந்து --என்வி= என்ற முன்பகுதியை நீக்கிய மீதி. இரண்டாம் கிளை --* என்று தொடங்கினால்: __கிட்காம்ப் "--ட்ரை-ரன் --ஃபோர்ஸ் --என்வி=". மீதி எல்லாவற்றுக்கும்: __கிட்காம்ப்_என்எல் என்பதற்கு __கிட்_ஹெட்ஸ் தரும் லோக்கல் பிராஞ்ச் பட்டியல். வரிசை முக்கியம், --என்வி= கிளை முதலில் வராவிட்டால் பொதுக்கிளை அதை விழுங்கிவிடும். சமக்குறியில் முடியும் ஆப்ஷனுக்கு __கிட்காம்ப் இடைவெளி சேர்க்காது, மற்றவற்றுக்குச் சேர்க்கும். பத்து வரிதான். ஓடியபோது அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

சோதிக்கும்போது ஃபங்ஷனுக்குள் எக்கோ போடாதீர்கள், அடித்துக்கொண்டிருக்கும் வரியின் நடுவே அது வந்து விழுந்து குழப்பும். /டிஎம்பி-யில் ஒரு கோப்புக்கு எழுதுங்கள், இன்னொரு டெர்மினலில் டெயில் -எஃப் போட்டுப் பாருங்கள். இசட்ஷெல்லில் கிட்டோடு வரும் வடிவத்துக்கும் இதே _கிட்_ரிலீஸ் பெயர்தான். இசட்ஷெல்லின் சொந்த _கிட் என்றால் பெயர் _கிட்-ரிலீஸ், சிறுகோடு. யூசர்-கமாண்ட்ஸ் என்ற இசட்ஸ்டைலிலும் அதைச் சொன்னால் பட்டியலில் காட்டும்.

ரிமோட்டில் (சர்வரில் இருக்கும் பொதுப் பிரதியில்) ஆயிரக்கணக்கான பிராஞ்ச் உள்ள ரெப்போவில் செக்அவுட்டுக்கு டேப் அடித்தால் திரை நிரம்பும், நேரமும் ஆகும். லோக்கலில் இல்லாத, ரிமோட்டில் மட்டும் இருக்கும் பெயர்களையும் அது சேர்த்துக் காட்டுவதுதான் காரணம். கிட்_கம்ப்ளீஷன்_செக்அவுட்_நோ_கெஸ் என்ற மாறியைப் பெரிய எழுத்தில் 1 என்று வைத்தால் அவை வராது. அதற்கு முன் கிட் ஃபெட்ச் --ப்ரூன் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், பல நேரம் செத்த பிராஞ்சுகளே பாதி இருக்கும்.

கையால் வைத்த நகலை மறந்துவிடாதீர்கள். .பாஷ்ஆர்சி-யில் அது சோர்ஸ் ஆகிக்கொண்டிருக்கும்வரை கிட்டுக்கு ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கும், காவலாளி எழுந்துகொள்ளவே மாட்டார், பேக்கேஜோடு வரும் புதிய ஸ்கிரிப்ட் ஏறாது. என் சர்வரில் கிட்டைப் புதுப்பித்த பிறகு கிட் ஸ்விட்ச் என்ற கட்டளை ஓடியது, டேப் மட்டும் அதைத் தெரியாதது போல இருந்தது. 2.23-க்கு முந்தைய நகல் ஒன்று ஹோம் டைரக்டரியில் கிடந்தது. அந்த வரியை .பாஷ்ஆர்சி-யில் இருந்து எடுத்துவிட்டுப் புது ஷெல் திறந்தேன், வந்துவிட்டது.